மூக்கக்காவின் புதன்கிழமை மீன்

பேருந்துப் பணிமனையின் பின்பக்கம், தேய்ந்த டயர்களை அடுக்கி வைத்திருக்கும் சுவரை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு கேன்டீன். அங்கே பத்தொன்பது வருஷமாகச் சமைக்கிற பெண்ணுக்கு அடையாள அட்டையில் ஒரு பெயர் இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். பணிமனைக்கு அவள் மூக்கக்கா.

மூக்கு பெரியது போலிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். அளவில் அது சாதாரண மூக்குதான், வேலையில்தான் பெரியது. சேர்ந்த இரண்டாவது வருஷம் ஒரு நாள் காலையில், வெங்காயம் அரிந்துகொண்டிருந்தவள் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, “கேஸ் ஒழுகுது” என்றாள். அவள் அடுப்பில் ஒழுகவில்லை. முற்றத்தைத் தாண்டி, இரண்டு பேருந்துகளுக்கு அந்தப் பக்கம் இருந்த வெல்டிங் கொட்டகையில் ஒழுகியது. ஆட்கள் சிரித்துக்கொண்டே போய்ப் பார்த்தார்கள், வெளுத்த முகத்தோடு திரும்பி வந்தார்கள். குழாயில் ஊசி முனை அளவு ஓட்டை. பக்கத்தில் ஒருவன் பற்றவைக்கத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்கு வைத்த பெயர் அது. அதற்குப் பிறகு பிரேக் பிரிவின் மூத்த மெக்கானிக், எல்லாருக்கும் பிரேக் அண்ணன், சந்தேகம் வந்தால் எண்ணெய்த் துணியோடு கேன்டீன் ஜன்னலுக்கு வந்துவிடுவார்.

“அக்கா, இது டீசலா, பிரேக் ஆயிலா, பாத்துச் சொல்லுங்க.”

“ரெண்டும் இல்ல. கியர் ஆயில். அதுவும் மாத்தி ரொம்ப நாளாச்சு. தூக்கிட்டுப் போங்க அந்தப் பக்கம், சோறு வடிக்கிற இடம்.”

புது சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வந்த இளவட்டத்தைப் பார்த்து, “யாரு வாங்கிக் குடுத்தா?” என்று கேட்பாள். அவன் காது சிவந்துவிடும். உப்புக்கு வாசனை கிடையாது என்று ஊர் முழுக்கச் சொல்லும். அவள் மட்டும் பானையிலிருந்து எழும் ஆவியில் முகத்தைக் காட்டி, “அரைக் கை கொறையுது” என்பாள். போட்டால் சரியாக இருக்கும். அடுப்பில் இருப்பதை நாக்கில் வைத்துப் பார்த்ததே இல்லை. சமைப்பவள் ருசி பார்ப்பது, ஓட்டத் தெரியாதவன் கியரைக் குனிந்து பார்த்துப் போடுவது மாதிரி என்பது அவள் கட்சி.

புதன்கிழமை என்றால் மீன் கட்லெட்டும் பட்டாணிச் சோறும். நாற்பத்திரண்டு பேர், ஆளுக்கு மூன்று. முள்ளும் தோலும் எடுத்த மீன் துண்டுகளைக் கொஞ்சம் உப்புத் தூவி ஆவியில் வேகவைத்து, விரலால் உதிர்ப்பாள். உருளைக்கிழங்கை முதல் நாளே அவித்து ஆறவைத்திருப்பாள். சுடச்சுட மசித்தால் ஈரம் நின்று கட்லெட் கல்லில் உடைந்து போகும். இரண்டையும் சேர்த்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், வெங்காயத்தாள், மிளகுத் தூள், முட்டை எல்லாம் போட்டுப் பிசைந்து, உள்ளங்கை அகலத்துக்குத் தட்டி, ரொட்டித் தூளில் புரட்டி, கல்லில் எண்ணெயை வழிய விடாமல் மினுமினுக்க மட்டும் விட்டு, பக்கத்துக்கு மூன்று நிமிஷம். ஒரு ஈட்டுக்கு முப்பது. அஞ்சு ஈடு போட்டு முடிப்பதற்குள் பக்கத்து அடுப்பில் வடித்த சோற்றில் வெண்ணெயும் பட்டாணியும் விழுந்து, மேலே எலுமிச்சை பிழிந்தாகிவிடும். “இதைவிட சட்டுனு ஆகற சமையல் உலகத்துல கிடையாது” என்று பெருமையாகச் சொல்வாள்.

அப்படி இருந்தவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பெரிய காய்ச்சல் என்று சொல்ல முடியாது, ஐந்து நாள் படுக்கை. ஆறாம் நாள் காலையில் வேலைக்குப் போய் வெங்காயத்தை இரண்டாக வெட்டினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூக்கில் ஒன்றும் இல்லை. வெங்காயத்தை மூக்கோடு ஒட்டிப் பிடித்தாள். கண்தான் இன்னும் எரிந்தது. மிளகு டப்பாவைத் திறந்தாள், தும்மல் வந்தது, மிளகு வரவில்லை. மண்ணெண்ணெய்த் துணி, பினாயில், பழைய மீன் பெட்டி என்று ஒவ்வொன்றாகப் போய் நின்று மோந்தாள். சுவரை மோந்து பார்த்த மாதிரி இருந்தது.

டாக்டர் மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார். “நரம்புல அடிபட்டிருக்கும்மா. தானா வரும்.”

“எப்ப வரும் டாக்டர்?”

“சிலருக்கு ரெண்டு மாசம், சிலருக்கு ஒரு வருஷம்.”

“வராமயே போறதும் உண்டா?”

டாக்டர் சீட்டில் எதையோ எழுதினார். நாலு வாசனைகளைத் தினம் இரண்டு வேளை மோந்து பழக வேண்டுமாம். குழந்தைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பது போல மூக்குக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். வெளியே வந்ததும் சீட்டைக் கசக்கப் போனாள், கூட வந்த கணவர் பிடுங்கிக்கொண்டார்.

கணவர் பூட்டு ரிப்பேர்க்காரர். தெருமுனையில் ஓர் அலமாரி அகலத்துக்கு அவருடைய கடை. வாழ்க்கையில் எதற்கும் அவசரப்படாதவர். திறக்காத பூட்டுக்கு முன்னால் ஒரு மணி நேரம் சம்மணம் போட்டு உட்காரக்கூடியவர். அவர்தான் நாலு சின்னப் புட்டிகள் தேடிப்பிடித்து, கிராம்பு, காப்பித் தூள், தைலம், ரோஜா சோப்புத் துண்டு என்று போட்டுக் கொடுத்தார். காலையும் மாலையும் அவள் மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மூக்கில் வைத்து இழுப்பாள்.

“ஏதாவது வந்துச்சா?”

“இல்ல.”

“நாளைக்கு வரும்.”

“தினமும் இதையேதான் சொல்றீங்க.”

“தினமும் நாளைக்குன்னு ஒண்ணு இருக்கே.”

புட்டியைத் தூக்கி அவர் தலையில் போடலாமா என்று அவளுக்கு வரும்.

பணிமனையில் யாரிடமும் மூச்சு விடவில்லை. மூக்கக்காவுக்கு மூக்கு இல்லை என்று எந்த வாயால் சொல்வது? உப்புக்கு ஒரு பிளாஸ்டிக் கரண்டி வாங்கினாள். பத்துக் கிலோ கிழங்குக்கு இத்தனை, சோற்றுக்கு இத்தனை என்று மனக்கணக்கு. கட்லெட் சிவந்ததா என்பதைக் காதால் பிடித்தாள்: கல்லில் போட்டதும் சத்தம் ஆரவாரமாக இருக்கும், ஈரம் வற்ற வற்ற அடங்கும், அடங்கி ஒரு மெல்லிய சரசரப்பாக மாறும்போது திருப்ப வேண்டும். எண்ணெய்த் துணியோடு வந்த பிரேக் அண்ணனை, “எனக்கு வேற வேலை இல்லையா?” என்று விரட்டினாள். அவர் முகம் சுருங்கிப் போய்த் திரும்பி நடந்தார்.

ஒருவரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை. தட்டைக் காலி செய்துவிட்டு வழக்கம் போல, “இன்னும் ரெண்டு போடுங்க அக்கா” என்றார்கள். அதுதான் அவளை அறுத்தது. பத்தொன்பது வருஷம் ஆவியில் முகம் வெந்து பிடித்த ருசியை ஒரு பிளாஸ்டிக் கரண்டி பிடித்துவிட்டதா? அப்படியானால் இத்தனை நாள் இந்த மூக்கு கிழித்தது என்ன? கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாததால், பாத்திரம் கழுவுகிறவள் மேல் விழுந்தது.

பாத்திரம் கழுவுகிறவளைப் பணிமனையில் சோப்பு என்பார்கள். நாற்பது வயதுக்காரி, முன்பு துணி தேய்க்கும் கடையில் இருந்தவள். ஆறு வருஷமாகக் கேன்டீனில் வேலை. ஒரு நாளைக்கு அவள் பேசுகிற வார்த்தையை விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூட அவளைக் கரண்டி தொட மூக்கக்கா விட்டதில்லை.

இப்படியே மூன்று மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பூட்டுக்காரர் அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

“இன்னைக்கு நான் சமைக்கிறேன். மீன் கட்லெட்.”

“நீங்களா? வெந்நி வச்சாக்கூட அடிப்பிடிக்க வைக்கிற ஆளு.”

“நீதானே சொல்லுவே, உலகத்துலயே சட்டுனு ஆகறதுன்னு. இருபது நிமிஷம். நீ பேசாம உக்காரு.”

இருபது நிமிஷம் இரண்டு மணி நேரமானது. வீட்டில் இருக்கிற அத்தனை பாத்திரமும் கழுவுத் தொட்டிக்கு வந்து சேர்ந்தது. கிழங்கைச் சுடச்சுட மசித்ததை அவள் கதவோரம் நின்று பார்த்தாள். சொல்ல வாய் வரை வந்ததை விழுங்கினாள். அவர் முதல் கட்லெட்டைக் கல்லில் வைத்தார். எண்ணெய் சீறியது.

அப்போது அவள் மூக்கில் ஏதோ ஏறியது.

மூன்று மாதத்தில் முதல் தடவை! “வருதுங்க, வருது!” என்று கத்தினாள். அவர் கரண்டியோடு திரும்பினார். அவள் இன்னொரு மூச்சு இழுத்தாள். வந்தது வாசனையே இல்லை. அடைத்துக்கொண்ட சாக்கடையைக் குச்சி விட்டுக் கிளறினால் எழும்புமே, அந்த நாற்றம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பால்கனிக்கு ஓடினாள்.

“எங்க வாங்கினீங்க இந்த மீனை? அழுகினதைத் தலையில கட்டிட்டான்! பாத்து வாங்கத் தெரியாது?”

“நல்ல மீன்தான். காலையில வந்தது.”

“நாறுது! தூக்கிப் போடுங்க!”

அவர் தூக்கிப் போடவில்லை. உடைந்ததும் கருகியதுமாக ஏழு கட்லெட்டையும், குழைந்த சோற்றையும், தனியாக உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சாப்பிட்டார். அவள் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாள். அவருக்கு வயிற்றுவலி ஒன்றும் வரவில்லை.

மறுநாள் காலையில் காப்பிப் புட்டியைத் திறந்ததும் எரிந்த ரப்பர் நாற்றம் அடித்தது. கிராம்பிலும் அதே. பணிமனையில் வெங்காயம் வதக்கினால் சாக்கடை. முட்டை உடைத்தால் சாக்கடை. நரம்பு முளைக்கும்போது தப்புத் தப்பாக இணைந்துகொள்ளும், நல்ல அறிகுறிதான் என்று டாக்டர் போனில் சந்தோஷமாகச் சொன்னார். நல்ல அறிகுறியாம்! ஒன்றுமே இல்லாமல் இருந்ததே மேல் என்று அவளுக்குத் தோன்றியது. வெறும் சோறும் அவித்த பட்டாணியும் மட்டும்தான் நாறவில்லை. அதையே மூன்று வேளையும் தின்றாள்.

அந்த வாரப் புதன்கிழமைதான் விஷயம் வெடித்தது.

ஒன்பதரைக்கு வர வேண்டிய மீன் வண்டி பதினொன்றேகாலுக்கு வந்தது. வழியில் டயர் பஞ்சராம். பதினோரு வருஷமாக மீன் கொண்டுவருகிற மீன்காரர் வியர்க்க வியர்க்கப் பெட்டியை இறக்கிவிட்டு, வண்டியைக் கழுவவும் பஞ்சரான டயரை ஒட்டவைக்கவும் முற்றத்துக்கு ஓட்டிப் போனார். மூக்கக்கா பெட்டியைத் திறந்தாள். ஐஸ் பாதி உருகி, துண்டுகள் தண்ணீரில் நனைந்து கிடந்தன. நாற்றம் மூக்கில் அறைந்தது.

நாறத்தான் செய்யும். அவளுக்கு எல்லாமேதான் நாறுகிறது. ஆனால் இது எந்த நாற்றம்? முழு மீனாக இருந்தால் கண்ணைப் பார்க்கலாம், செவுளைத் தூக்கிப் பார்க்கலாம். தோல் உரித்த துண்டில் என்ன இருக்கிறது? விரலால் அழுத்தினாள். கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. ஐஸ் தண்ணீரில் ஊறினாலும் அப்படித்தான் இருக்கும், கெட்டாலும் அப்படித்தான் இருக்கும். கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டரைக்கு மணி அடித்தால் நாற்பத்திரண்டு பேர் தட்டோடு வந்து நிற்பார்கள்.

மூன்றடி தூரத்தில் சோப்பு முதுகைக் காட்டிக்கொண்டு அண்டா தேய்த்துக்கொண்டிருந்தாள். “இதைக் கொஞ்சம் மோந்து பாரேன்” என்று ஒரு வார்த்தை. அது தொண்டை வரை வந்தது, அதற்கு மேல் ஏறவில்லை. ஆறு வருஷமாகக் கரண்டியைத் தொட விடாதவளிடம் போய் மூக்கைக் கடன் கேட்பதா?

பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்வாசல் குப்பைத் தொட்டியில் கவிழ்த்தாள்.

மணி அடித்தது. பட்டாணிச் சோற்றோடு ஆளுக்கு இரண்டு பொரித்த முட்டை வைத்தாள். வரிசையில் முதல் ஆள், “புதன்கிழமையாச்சே, மீன் எங்கக்கா?” என்றான்.

“மீன் சரியில்ல. கொட்டிட்டேன்.”

அவ்வளவுதான், வரிசை முழுக்கச் செய்தி ஓடியது. யாரும் முணுமுணுக்கவில்லை. நன்றி அல்லவா சொன்னார்கள்! “அக்கா மூக்கு இல்லேன்னா இன்னைக்கு ஆஸ்பத்திரிதான்” என்றான் ஒருவன். “இந்த மூக்குக்கு இன்சூரன்ஸ் எடுக்கணும்” என்றான் இன்னொருவன். சூப்பர்வைசர் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு எழுந்தார்.

“கெட்டுப்போன மீனையா அனுப்பறான்? பதினோரு வருஷமா குடுக்கறான்னு நம்பினது தப்பு. இன்னையோட அவனை நிறுத்தறேன்.”

மூக்கக்காவின் கையில் கரண்டி நின்றுவிட்டது. இதை அவள் யோசிக்கவே இல்லை. சோப்பு பக்கத்தில் வந்து நின்றாள். கையில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

“அக்கா, குப்பை கொட்டப் போனேன். அது நல்ல மீனாச்சே.”

“உனக்கு என்ன தெரியும்? போய் வேலையப் பாரு.”

சோப்பு போகவில்லை. “நல்ல மீன்க்கா” என்றாள் மறுபடியும், குரலை உயர்த்தாமல்.

இதற்குள் யாரோ போய்ச் சொல்லி, மீன்காரர் முற்றத்திலிருந்து வந்துவிட்டார். வந்தவர் நேராகப் பின்வாசலுக்குப் போனார், தொட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் குழாயில் கழுவினார், கொண்டுவந்து சூப்பர்வைசர் முகத்துக்கு நேராக நீட்டினார்.

“மோந்து பாருங்க சார். இது கெட்ட மீனா?”

சூப்பர்வைசர் பின்னுக்குச் சாய்ந்தார். “எனக்கு மீன்னாலே நாத்தம்தான்யா. என்கிட்ட காட்டாதே.”

“அப்ப நீங்க பாருங்கண்ணே.”

பிரேக் அண்ணன் துண்டை வாங்கி மோந்தார். இன்னொரு தடவை மோந்தார். நெற்றி சுருங்கியது. மூக்கக்காவைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

அவருக்குத் தெரிந்துவிட்டது என்று மூக்கக்காவுக்குத் தெரிந்தது. தன் மூக்கையே பொய்யாக்கிவிட்டு அவள் மூக்கைக் காப்பாற்றுகிறார், மனுஷன். அவரை ஓங்கி ஒரு அறை விடலாம் போல எரிச்சல் மூண்டது.

மீன்காரர் துண்டைத் திரும்ப வாங்கி, அடுப்பங்கரைத் திண்டின் மேல், அவள் முன்னால் வைத்தார்.

“நீங்களே சொல்லுங்கக்கா. டயர் மாத்தற நேரத்துலயும் ஐஸ் உருகக் கூடாதுன்னு கோணிய நனைச்சுப் போட்டு மூடிக் கொண்டாந்தேன். இப்ப எல்லார் முன்னாலயும் ஒரு தடவை மோந்து, கெட்டதுன்னு சொல்லிடுங்க. நான் ஒத்துக்கறேன். நாளையிலேர்ந்து வரல.”

மூக்கக்கா துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். சாக்கடை. இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். சாக்கடைக்குப் பின்னால் ஏதாவது இருக்கிறதா என்று கண்ணை மூடித் தேடினாள். வெறும் சாக்கடைதான்.

“எனக்குத் தெரியல” என்றாள்.

“தெரியலன்னா?” என்றார் சூப்பர்வைசர்.

“மூக்கு போயிடுச்சு. மூணு மாசம் ஆச்சு. மொதல்ல ஒண்ணுமே தெரியல, இப்ப எதை மோந்தாலும் நாறுது. அந்த மீன் நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாது. தெரியாமதான் கொட்டினேன். அவர் மேல தப்பு இல்ல.”

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான், வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்து. அவள் அவனைப் பார்த்த பார்வையில் சிரிப்பு பாதியில் செத்தது.

“சோப்பு, நீ சொல்லு” என்றாள் திரும்பாமல்.

“நல்ல மீன்” என்றாள் சோப்பு.

மீன்காரர் காலிப் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். சூப்பர்வைசர் அவர் பின்னாலேயே போய் முற்றத்தில் சமாதானம் சொன்னார். அடுத்த புதன்கிழமை மீன் வழக்கம் போல வந்தது, ஆனால் அடுத்த ஒன்றரை மாதத்துக்கு மீன்காரர் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு, “மீன்” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல அவளுக்கு வாய் இல்லை.

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். அவளுக்கு ஏறியது. அன்று மாலையே வைத்தியம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் ஆவி பிடிக்கச் சொன்னான். ஒருவன் ஆரஞ்சுப் பழத்தைத் தோலோடு சுட்டுத் தின்னச் சொன்னான். பேருந்துக்குப் பெயின்ட் அடிக்கிறவன் டர்பன்டைன் டப்பாவையே தூக்கிக்கொண்டு வந்து, “பொணத்தையே எழுப்பும்க்கா, ஒரு இழுப்பு இழுங்க” என்றான். டயர் பிரிவுக்காரன் மாமியாருக்கும் இப்படித்தான் ஆகி, ஒரு நாள் தடுக்கி விழுந்ததும் சரியாகிவிட்டதாம். “அப்ப என்ன, நானும் விழணுமா?” என்று கேட்டாள். அவன் உண்மையிலேயே யோசித்தான்.

சூப்பர்வைசர் மட்டும் வைத்தியம் சொல்லவில்லை. “அம்மா, கேஸ் ஒழுகினா உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றாள். மறுநாளே அடுப்புக்கு மேலே கேஸ் கண்டுபிடிக்கிற வெள்ளைப் பெட்டி ஒன்று மாட்டினார்கள். அது கேஸுக்குக் கத்தியதோ இல்லையோ, வெங்காயத்துக்குக் கத்தியது, சோறு வடிக்கிற ஆவிக்குக் கத்தியது. அது கத்தும்போதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓட வேண்டும் என்று உத்தரவு. ஒரே வாரத்தில் இரண்டு அண்டாச் சோறு குழைந்தது. தனியாக அடுப்பு மூட்டக் கூடாது, எதையும் பரிமாறும் முன் சோப்பு பார்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

மீனைக் கொட்டிய அன்றைக்கே, வீட்டுக்கு வந்ததும் நடந்ததையெல்லாம் கணவரிடம் சொன்னாள். அவர் ஒரு சாவியை அரத்தால் தேய்த்துக்கொண்டே கேட்டார்.

“நான் வாங்கினதும் நல்ல மீன்தான். அன்னைக்கே சொன்னேன்.”

“சொன்னீங்க.”

அவர் சாவியைத் திருப்பி வைத்து மறுபக்கம் தேய்த்தார்.

“கிழங்கை ஆறவிடாம மசிச்சீங்க. அதான் உடைஞ்சுது” என்றாள். அவள் மன்னிப்புக் கேட்டால் அப்படித்தான் கேட்பாள் என்று அவருக்குத் தெரியும்.

சோப்போடு சமைப்பது தனித் துன்பம். மூக்கு கூர்மையான மூக்குதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மூக்குக்கு வாய் இல்லை. பானையைத் திறந்து மோந்துவிட்டு, “நல்லா இல்ல” என்பாள்.

“எப்படி நல்லா இல்ல? அடிப்பிடிச்சுதா? புளிச்சுதா? மிளகு தூக்கலா?”

“சொல்லத் தெரியலக்கா. நல்லா இல்ல.”

“சொல்லாம நான் எப்படிச் சரி பண்றது? கியர் விழலன்னு மொட்டையா வந்து நின்னா பிரேக் அண்ணன் என்ன பண்ணுவார்?”

சோப்பு யோசிப்பாள். அடுப்பில் இருப்பது கருகத் தொடங்கும். “துணி தேய்க்கிறப்ப, ஈரத் துணியில இஸ்திரிப் பெட்டிய வச்சா வருமே, அப்படி இருக்கு” என்பாள் கடைசியில். கிழங்கில் ஈரம் நின்றுவிட்டது என்று அர்த்தம். மூக்கக்கா அதைப் பிடிப்பதற்கு ஒரு மாதம் ஆனது. மஞ்சள் பூத்த துணி, கஞ்சி தூக்கலான காலர், அலமாரியில் மறந்துபோன போர்வை என்று சோப்புக்கு எல்லா நாற்றமும் துணி தேய்க்கிற கடையிலிருந்துதான் வரும். பத்தொன்பது வருஷம் சமைத்தவள் இதையெல்லாம் காது கொடுத்துக் கேட்டு, மனத்துக்குள் சமையலாக மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. சில நாள் கரண்டியைத் தூக்கி எறிந்துவிட்டு டயர்ச் சுவரோரம் போய் நிற்பாள். சோப்பு பின்னால் வர மாட்டாள், ஆறுதல் சொல்ல மாட்டாள். உள்ளே இருந்தபடியே, “அக்கா, திருப்பணும், சத்தம் அடங்கிடுச்சு” என்பாள். அந்தச் சத்தத்தை அவள் எப்போது கவனித்துக் கற்றுக்கொண்டாள் என்று தெரியவில்லை.

காய்ச்சல் வந்து வருஷம் ஒன்று முடிந்துவிட்டது. தைலம் மட்டும் இப்போது தைலமாக மணக்கிறது. காப்பி இன்னும் ரப்பர்தான். மீனில் சாக்கடை கொஞ்சம் குறைந்திருக்கிறது, போகவில்லை. பிரேக் அண்ணன் எண்ணெய்த் துணியைச் சோப்பிடம் நீட்டுகிறார். அவள் அதையும் ஏதோ ஒரு சட்டையோடு ஒப்பிட்டுச் சொல்கிறாள். பணிமனை இன்னும் மூக்கக்கா என்றே கூப்பிடுகிறது. ஒவ்வொரு தடவையும் அவளுக்குச் சுருக்கென்கிறது, வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை.

போன மாதம் ஒரு புதன்கிழமை, பிசைந்த கலவையை மோந்துவிட்டுச் சோப்பு, “இஞ்சி துருவிப் போடுங்க” என்றாள்.

“பத்தொன்பது வருஷமா இதுல இஞ்சி கிடையாது.”

“போட்டா நல்லா இருக்கும்.”

“யாரு சமையக்காரி, நீயா நானா?”

சோப்பு ஒரு துண்டு இஞ்சியைத் தோல் சீவிக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். வாயை அடைப்பதற்காகத்தான் மூக்கக்கா அதைத் துருவிப் போட்டாள். மத்தியானம் வரிசை நகரவே இல்லை. “என்னக்கா இன்னைக்கு கட்லெட் இப்படி இருக்கு! என்ன போட்டீங்க?” என்று ஒவ்வொருத்தனாக நின்று கேட்டான். “அவளைக் கேளு” என்றாள் ஒவ்வொரு தடவையும், சோற்றை நங்கென்று தட்டில் வைத்து. எல்லாரும் போன பிறகு, மிச்சமிருந்த கட்லெட்டில் ஒன்றை எடுத்து மூக்கைப் பிடித்துக்கொண்டு கடித்தாள். இஞ்சியின் காரம் நாக்கில் சுட்டது. காரத்துக்கு மூக்கு வேண்டாம், அது தோலிலேயே தெரியும். அந்தச் சூட்டைப் பிடித்துக்கொண்டு பாதி வரை தின்றாள். மீதிப் பாதிக்குச் சாக்கடை வந்துவிட்டது, வைத்துவிட்டாள்.

அடுத்த புதன்கிழமை இருவருக்கும் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது.

“ஒரு விரல் நீளம் போதும்” என்றாள் மூக்கக்கா.

“ரெண்டு விரல்.”

“ஒரு விரல்னு சொன்னேன். ரெண்டு போட்டா மீனு எங்கன்னு தேடணும்.”

“உங்களுக்கு மூக்கு வந்ததும் ஒரு விரல் போடுங்கக்கா. இப்ப ரெண்டு.”

கல்லில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மேலே வெள்ளைப் பெட்டி காரணமே இல்லாமல் கத்த ஆரம்பித்தது. மூக்கக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்பை அணைத்தாள். முற்றத்துக்குப் போகும்போது, துருவியையும் இஞ்சியையும் கையோடு எடுத்துக்கொண்டு போனாள், அங்கே நின்றுகொண்டு இரண்டாவது விரல் நீளத்தையும் துருவுவதற்கு.